யார் யாரை வெளியே அனுப்பலாம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய பத்திரிகைகளுக்கான எங்கள் இணையதளம் திறக்கவில்லை. சர்வர் படுத்துவிட்டது என்றுதான் நினைத்தோம். அது அவ்வப்போது படுப்பதுதான். மதியம் வரை ஆளாளுக்கு அதைக் குடைந்துகொண்டிருந்தோம். கடைசியில் யாரோ தளத்தின் முகவரியான டொமைன் பெயரைத் தேடிப் பார்த்தார்கள். காலாவதி.

ஏழு வருடங்களுக்கு முன் ஓர் உற்சாகத்தில் அதைத் தன் கிரெடிட் கார்டில் வாங்கிப் போட்டவர் எங்கள் நண்பர். நான்கு வருடமாக அவரிடமிருந்து தகவல் இல்லை. சண்டையெல்லாம் கிடையாது. கல்யாணம், குழந்தை, வேலை மாற்றம், அவ்வளவுதான். "புதுப்பித்துக்கொள்ளுங்கள்" என்று வந்த மின்னஞ்சல்கள் எல்லாம் அவர் எப்போதோ விட்டுவந்த பழைய அலுவலக முகவரிக்குப் போயிருக்கின்றன. அவரைத் தேடிப்பிடித்துப் பெயரை மீட்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் டொமைன் விற்ற கம்பெனிக்கு நாங்கள் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தோம். சுற்றி வளைத்து அவர்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: நீங்கள் யார்?

நியாயமான கேள்வி. பதிப்புரிமை முடிந்த பழைய பத்திரிகைகளை ஸ்கேன் செய்து, அட்டவணை போட்டு, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் வைப்பது எங்கள் வேலை. பதினோரு பேர், நான்கு நாடுகள். எங்களுக்கு லோகோ இருந்தது, வாட்ஸ்அப் குழு இருந்தது, ஒரு பெயரும் இருந்தது. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு "நாங்கள்" என்று யாரும் கிடையாது. வருகிற நன்கொடை, கணக்கு பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் சொந்த வங்கிக் கணக்கில் விழுந்தது. அது அவருடைய சம்பளம் அல்ல என்பதை வருமான வரிக்காரர்களுக்கு அவர்தான் விளக்க வேண்டும். ஸ்கேனர் ஒருவர் வீட்டுப் பரணில் இருந்தது. நாளை அவருக்கு ஏதாவது ஆனால் அது அவருடைய வாரிசுகளின் சொத்து. இதையெல்லாம் நாங்கள் நட்பு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்துவிடலாம் என்று முடிவானது. உடனே இரண்டு கேள்விகள் வந்தன. எது சுலபம்? எதில் வரிவிலக்கு கிடைக்கும்? யாரிடம் ஆலோசனை கேட்டாலும் பேச்சு இந்த இரண்டில்தான் தொடங்குகிறது. என் கேள்வி வேறாக இருந்தது. எனக்கு ஏற்கெனவே ஒரு முறை சூடு பட்டிருந்தது.

அது இந்தியாவில், ஒரு கல்வி உதவி அறக்கட்டளை. பெரியவர் ஒருவர் தொடங்கியது. ஐந்து அறங்காவலர்களில் நானும் ஒருவன். சார்பதிவாளர் அலுவலகத்தில் வரிசையில் நின்று, முத்திரைத்தாளில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, கட்டைவிரல் ரேகையும் வைத்துவிட்டு வந்தேன். பத்திரத்தைப் படித்தேனா? இல்லை. பெரியவர் மேல் மரியாதை. பத்திரத்தைப் படித்தால் அவரைச் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடுமோ என்ற கூச்சம் வேறு. ஆறு வருடம் நன்றாகத்தான் போனது. பிறகு, யாருக்கு உதவித்தொகை கொடுப்பது என்பதில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒருநாள் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி வந்தது: "இன்று முதல் தாங்கள் அறங்காவலர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள். தங்கள் சேவைக்கு நன்றி."

வழக்கறிஞரிடம் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனேன். பத்து நிமிடம் புரட்டினார். ஒரு பத்தியில் விரலை வைத்து என் பக்கம் திருப்பினார். நிறுவனர்-அறங்காவலர் தம் ஆயுட்காலம் முழுவதும் பொறுப்பில் இருப்பார். மற்ற அறங்காவலர்களை நியமிக்கவும், காரணம் கூறாமலே நீக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

"கீழே இருக்கிற கையெழுத்து உங்களுதுதானே சார்?" என்றார்.

பெரியவர் மேல் எனக்கு இன்று கோபம் இல்லை. அது அவருடைய பணம். தன் பணம் தன் எண்ணப்படி போக வேண்டும் என்று நினைத்து அதற்கேற்ற பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். தவறான பாத்திரத்துக்குள் போய் உட்கார்ந்தவன் நான்தான். அன்றிலிருந்து எந்த அமைப்பைப் பற்றிப் பேச்சு வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இதில் யார் யாரை வெளியே அனுப்பலாம்?

இந்தக் கேள்வியோடு பார்த்தால், உலகம் முழுக்க ஆளுக்கொரு பெயரில் இருக்கும் லாப நோக்கற்ற அமைப்புகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடுகின்றன. ஒன்றின் நடுவில் இருப்பது சொத்து. இன்னொன்றின் நடுவில் ஆட்கள். மூன்றாவது, ஆட்களைக் கம்பெனிச் சட்டத்தின் சட்டைக்குள் நுழைத்த உருவம்.

டிரஸ்ட் முதல் வகை. ஒருவர் ஒரு சொத்தை ஒரு நோக்கத்துக்கென்று ஒதுக்கி, "இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சிலரிடம் ஒப்படைக்கிறார். ஒப்படைக்கப்பட்டவர்கள் காவல்காரர்கள்தான், உறுப்பினர்கள் அல்ல. பொதுக்குழு என்று ஒன்று கிடையாது. தேர்தலும் கிடையாது. எதெல்லாம் தர்மக் காரியம் என்று இங்கிலாந்தில் 1601-ல் எலிசபெத் ராணி காலத்துச் சட்டத்தின் முன்னுரை ஒரு பட்டியல் போட்டது. பாலம் பழுதுபார்ப்பது, ஏழைப் பெண்களுக்குத் திருமணம் செய்துவைப்பது, சிறைப்பட்டவர்களை மீட்பது எல்லாம் அதில் உண்டு. 1891-ல் பெம்செல் வழக்கில் அதை வறுமை ஒழிப்பு, கல்வி, சமயம், பொதுநலன் தரும் பிற காரியங்கள் என்று நான்கு தலைப்பாகச் சுருக்கினார்கள். பிரிட்டிஷ் ஆட்சி நடந்த நாடுகளின் வரிச் சட்டங்களில் இந்த நான்கின் வாடை இன்னமும் அடிக்கும். இந்தியாவில் பல பத்திரங்களின் தலைப்பிலேயே "இந்திய அறக்கட்டளைகள் சட்டம், 1882-ன்படி" என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது. பொது தர்ம அறக்கட்டளைகள் அதற்குள் வராது. டைப் அடிப்பவரின் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய கோப்பிலிருந்து அப்படியே இறங்கி வருகிற வரி அது.

டிரஸ்டை நான் ஏதோ வில்லன்போல் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவர் தன் நிலத்தையோ சேமிப்பையோ எழுதிவைக்கிறார், அது நூறு வருடம் அதே காரியத்துக்குப் போக வேண்டும் என்றால் டிரஸ்ட்தான் சரி. அல்லது அதன் ஐரோப்பியச் சொந்தக்காரர்களான ஜெர்மனியின் ஷ்டிஃப்டுங், நெதர்லாந்தின் ஸ்டிக்டிங். லிப்ரெஆபிஸ் மென்பொருளின் பின்னால் இருக்கும் தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் பெர்லினில் 2012-ல் ஷ்டிஃப்டுங்காகத்தான் பதிவானது. கேடிஇ மென்பொருள்காரர்கள் அதே ஜெர்மனியில் 1997-லேயே உறுப்பினர் சங்கமாகப் பதிந்துகொண்டார்கள். இரண்டுமே யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள், ஒரே நாட்டுச் சட்டம். ஆனால் தேர்ந்தெடுத்த பாத்திரம் வேறு.

இரண்டாவது வகை சங்கம். நடுவில் ஆட்கள். எத்தனை பேர் சேர்ந்தால் சங்கம் என்று ஒவ்வொரு நாட்டுச் சட்டத்திலும் தேடிப்பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. இந்தியாவின் 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு பேர். தமிழ்நாட்டின் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஏழுதான். மலேசியாவில் ஏழு, சிங்கப்பூரில் பத்து. ஜெர்மனியில் பதிவு செய்ய ஏழு வேண்டும். பிறகு மூன்றுக்குக் கீழே போனால் சட்ட உருவம் போய்விடும். பிரான்சில் 1901 ஜூலை 1-ஆம் தேதிச் சட்டத்தின்படி இரண்டு பேர் போதும். ஆனால் அதே பிரான்சின் அல்சாஸ், மோசெல் பகுதிகளில் ஏழு பேர் வேண்டும். அந்தப் பகுதிகள் ஜெர்மனியின் கையில் இருந்த காலத்துச் சட்டம் அங்கே இன்றும் நடைமுறையில் இருக்கிறது. எல்லைக்கோடு நகர்ந்துவிட்டது, சங்க விதி மட்டும் நகரவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது சுவிட்சர்லாந்து. அங்கே சிவில் சட்டத்தின் 60-ஆவது பிரிவின்படி, நாங்கள் ஒரு சங்கமாக இருக்க விரும்புகிறோம் என்பது எழுத்துபூர்வமான விதிகளில் தெளிவாக இருந்தாலே போதும், சட்ட உருவம் வந்துவிடும். வணிகம் செய்யாத பெரும்பாலான சங்கங்கள் பதிவேட்டில் ஏற வேண்டியதுகூட இல்லை. போர்க்களத்தில் அடிபட்டவர்களைப் பார்க்கப் போகிற சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு, உலகக் கோப்பை நடத்துகிற ஃபிஃபா, யாரோ ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்துகிற பாட்டுக் குழு எல்லாம் அங்கே ஒரே அத்தியாயத்துச் சங்கங்கள்தான்.

சங்கத்தில் என் கேள்விக்கான பதில் நேரானது. பொதுக்குழு யாரையும் வெளியே அனுப்பலாம், தலைவரையும் சேர்த்து. அதன் பலவீனமும் அதேதான். தேர்தலுக்கு முந்தின மாதம் ஒருவர் தன் ஆட்கள் நாற்பது பேரைச் சந்தா கட்டிச் சேர்த்துவிட்டால், பத்து வருடம் உழைத்தவர்கள் ஒரே மாலையில் வெளியே நிற்பார்கள். சட்டப்படி அதில் எந்தத் தவறும் இருக்காது. அதனால் சங்க விதிகளில் நான் முதலில் தேடும் வரி, புதிதாகச் சேர்ந்தவருக்கு எத்தனை மாதம் கழித்து ஓட்டு என்பதுதான். பல விதித் தொகுப்புகளில் அந்த வரியே இருக்காது.

மூன்றாவது வகை, இந்தியாவில் பிரிவு 8 கம்பெனி. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன் அதுவே பிரிவு 25. பிரிட்டிஷ் வழி வந்த பல நாடுகளில் பங்கு இல்லாமல் உத்தரவாதத்தில் நிற்கும் கம்பெனி. "கம்பெனி மூழ்கினால் நான் இவ்வளவு தருகிறேன்" என்று உறுப்பினர் கொடுக்கும் வாக்குறுதிதான் அந்த உத்தரவாதம். பெரும்பாலும் பெயருக்கு ஒரு பவுண்டு, அந்த அளவில்தான் இருக்கும். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தின் பின்னால் இருக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஃபவுண்டேஷன் 2006-ல் இங்கிலாந்தில் இப்படித்தான் பதிவானது. இதில் யார் இயக்குநர், எப்போது சேர்ந்தார், எப்போது போனார் எல்லாம் பொதுப் பதிவேட்டில் இருக்கும். பெரிய நன்கொடையாளர்களும் வங்கிகளும் விரும்புவது இதைத்தான். ஆண்டறிக்கை ஒருநாள் தாமதமானாலும் அபராதம் எகிறும் என்பதால் ஆடிட்டர் ஒருவர் நிரந்தரமாகத் தேவைப்படுவார். சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தப்போகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்கிற எங்களைப்போன்ற பதினோரு பேருக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை.

இவ்வளவு பேசியும் வரிவிலக்கு வரவில்லையே என்று தோன்றலாம். வராததற்குக் காரணம், அது வேறு அலுவலகம். பலர் ஏமாந்துபோகிற இடமும் இதுதான். பதிவு செய்வது ஒரு கதவு, வரிவிலக்கு இன்னொரு கதவு. அமெரிக்காவில் மாநில அரசிடம் லாப நோக்கற்ற கார்ப்பரேஷனாகப் பதிந்துகொண்டால் அதோடு முடிவதில்லை. 501(சி)(3) என்ற வரிவிலக்குத் தகுதிக்கு மத்திய வரித்துறையிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவில் டிரஸ்டோ, சங்கமோ, பிரிவு 8-ஓ, எதுவாக இருந்தாலும், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் அமைப்பின் வருமானத்துக்கு விலக்கு தந்தது 12ஏபி பிரிவு, நன்கொடை தருபவருக்குச் சலுகை தந்தது 80ஜி பிரிவு. முதலில் தற்காலிகமாகத் தந்து, பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்வது 2021-லிருந்து வந்த ஏற்பாடு. இந்த மூன்று உருவங்களுக்குமே அந்தக் கதவு திறக்கிறது. அப்புறம் வரிக்காக உருவத்தைத் தேர்ந்தெடுப்பதில் என்ன இருக்கிறது?

எந்த நாட்டில் பதிவது என்பதில்தான் எங்களுக்கு இரண்டு மாதம் போனது. ஜெர்மனியில் ஐந்து பேர், இந்தியாவில் மூன்று, இங்கிலாந்தில் இருவர், கனடாவில் ஒருவர். வேலை நடப்பது பெரும்பாலும் இந்தியாவில், பணம் வருவது பெரும்பாலும் வெளியிலிருந்து. "அப்ப இந்தியாவுலயே பதிஞ்சுருவோம்ணே" என்றான் கூட்டத்திலேயே இளையவன். அங்கேதான் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே நின்றது. வெளிநாட்டுப் பணம் வாங்க மத்திய உள்துறையின் பதிவு வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கவே குறைந்தது மூன்று வருடம் இயங்கி, 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும். அந்தப் பணம் முதலில் வந்து இறங்க வேண்டிய இடம், 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளை. முன்அனுமதி என்று வேறொரு வழியும் உண்டு, ஆனால் அது குறிப்பிட்ட ஒரு வேலைக்கு, குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து வாங்க மட்டும்.

எங்கள் கணக்கு அக்கா இதில் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார். அவர் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். அவர் கணவர் குடியுரிமை மாற்றிக்கொண்டவர். அக்கா தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை இல்லை. அதே வீட்டில், அதே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவர் கணவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. "நல்லவேளை, எங்க வீட்ல பர்ஸ் என் கையிலதான் இருக்கு" என்றார்.

இன்னொரு வழியும் இருந்தது. அதை நாங்கள் எடுக்கவில்லை என்றாலும், என்னிடம் கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் அதைத்தான் முதலில் சொல்கிறேன். பதிவே செய்யாதீர்கள். ஏற்கெனவே பதிவாகியிருக்கும் அமைப்பு ஒன்றின் குடைக்குள் போய் நில்லுங்கள். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஓடுகிற டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கே சொந்தமாகச் சட்ட உருவம் கிடையாது. நியூயார்க்கில் 1997-ல் பதிவான சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்ட்ரஸ்ட் என்ற அமைப்புதான் அதன் பணத்தையும் வணிகக்குறியையும் வைத்திருக்கிறது. வருகிற நன்கொடையில் ஐந்து சதவீதம் பிடித்துக்கொண்டு, கணக்கு, ஆடிட், வரிப் படிவம் எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஐந்து சதவீதம் அதிகம் என்று நினைப்பவர்கள் ஒரு வருடம் பொருளாளராக இருந்து பார்க்கலாம்.

கடைசியில் ஜெர்மனி என்று முடிவானது. ஐந்து பேர் அங்கேயே இருந்தோம், இங்கிலாந்திலிருந்து இருவர் ரயிலேறி வந்தார்கள். சரியாக ஏழு. உறுப்பினர் சங்கம்தான் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

விதிகளை எழுதியது நான்தான். இணையத்தில் கிடைத்த மூன்று மாதிரிகளை வைத்துக்கொண்டு ஒன்றை ஒட்டுப்போட்டேன். அதை எல்லோருமாக ஒரு இரவு ஆன்லைன் கூட்டத்தில் வரிவரியாகப் படித்தோம். எங்களுக்கும் ஒரு நிறுவனர் உண்டு. முதல் ஸ்கேனரை வாங்கியவர், முதல் இரண்டாயிரம் பக்கங்களைத் தனியாளாகச் செய்தவர். எல்லோருக்கும் அண்ணன். இளையவன்தான் ஆரம்பித்தான், "அண்ணன் நிரந்தரத் தலைவர்னு ஒரு வரி சேர்த்துரலாமே. அவரு இல்லாம இது ஏது?" என்று. கூட்டத்தில் யாரும் பேசவில்லை. அண்ணன் திரையில் இருந்தார். அவர் முன்னால் எப்படி மறுப்பது? சார்பதிவாளர் அலுவலகத்தில் எனக்கு வந்த அதே கூச்சம் பத்துப் பேர் முகத்திலும் தெரிந்தது. எனக்கும் வாய் வரவில்லை, அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அக்காதான் மைக்கைத் திறந்தார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க மாமனாருக்குக் கடைசி ரெண்டு வருஷம் நினைவு தப்பிருச்சு. செக்ல கையெழுத்து மட்டும் போட்டுக்கிட்டே இருந்தாரு. உங்களுக்கு அப்படி ஆச்சுன்னா நாங்க என்ன பண்றது?"

அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்த வரி வேணாம். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாருக்கும் மூணு வருஷம். ரெண்டு தடவைக்கு மேல கிடையாதுன்னு போடு" என்றார். நான் அப்படியே தட்டச்சு செய்தேன்.

அன்று இரவு இன்னொன்றும் பிடிபட்டது. கூட்டம் நடக்கப் பாதி உறுப்பினர்கள் வர வேண்டும் என்று எழுதியிருந்தேன். ஜனநாயகமாகத்தான் இருந்தது. ஆனால் நாளைக்கு ஐம்பது பேர் ஆனால் இருபத்தைந்து பேர் எந்தக் கூட்டத்துக்கு வருவார்கள்? அந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கை சேராமல் தேர்தல் நடத்த முடியாமல் போய், பழைய நிர்வாகிகளே ஐந்தாறு வருடம் ஒட்டிக்கொண்டிருக்கும் சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒத்திவைக்கப்பட்ட கூட்டத்துக்கு வந்தவர்களே போதும் என்று மாற்றினோம்.

எழுதும்போது யாருக்கும் மனசு வராத பகுதி கலைப்பு. குழந்தைக்குப் பெயர் வைக்கிற அன்றைக்கு யாராவது ஈமச்சடங்கைப் பற்றிப் பேசுவார்களா? அதனால் நானும் ஒரே வரியில் கடந்துபோயிருந்தேன்: சங்கம் கலைந்தால் சொத்துக்கள் பொதுக்குழு முடிவு செய்யும் இதே போன்ற ஓர் அமைப்புக்குச் சேரும். வரி அலுவலகத்துக்கு வரைவை முன்கூட்டி அனுப்பியபோது, முழுவதிலும் அவர்கள் பென்சிலால் கோடு போட்டு அனுப்பியது அந்த ஒரு வரியில்தான். "இதே போன்ற" என்றால் எது? பெயர் சொல்லுங்கள், அல்லது வரிச்சலுகை பெற்ற அமைப்புக்குத்தான், இன்ன நோக்கத்துக்குத்தான் என்று கட்டிப்போடுங்கள் என்றார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தால், அவர்கள் கேட்டதும் டொமைன் கம்பெனி கேட்டதும் ஒரே கேள்விதான். நீங்கள் இல்லாதபோது இது யாருடையது?

இதற்கு ஆங்கிலேயச் சட்டத்தில் பழைய நார்மன் பிரெஞ்சுப் பெயரில் சி-ப்ரே என்று ஒரு கோட்பாடு இருக்கிறது. தர்ம நோக்கம் நிறைவேற்ற முடியாததாகிவிட்டால், அதற்கு இயன்றவரை நெருக்கமான நோக்கத்துக்குச் சொத்தைத் திருப்பிவிடலாம். ஆனால் அது பெரும்பாலும் நீதிமன்றம் ஏறுகிற வழி. விதிகளில் மூன்று வரி எழுதிவைத்தால் அந்தப் படி ஏற வேண்டியதில்லை. எங்கள் சொத்து ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு, கல்விப் பணிக்கு மட்டும் என்று எழுதினோம். கோடு போட்டவர்கள் அடுத்த வாரமே சரி என்றார்கள்.

நோட்டரி முன்னால் நிர்வாகிகள் கையெழுத்துப் போட்டோம், நீதிமன்றப் பதிவேட்டில் பெயர் ஏறியது. பத்திரம் வந்த அன்று அக்கா முதலில் செய்தது, தன் சொந்தக் கணக்கிலிருந்த எங்கள் பணம் முழுவதையும் சங்கக் கணக்குக்கு மாற்றியது. டொமைன் இப்போது சங்கத்தின் பெயரில் இருக்கிறது. ஸ்கேனர் மட்டும் இன்னும் அதே பரணில். ஆனால் சொத்துப் பதிவேட்டில் அதற்கு ஒரு எண் உண்டு.

அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் சலிப்பான வேலை. வருடத்துக்கொரு பொதுக்குழு, நிகழ்ச்சிக்குறிப்பு, வரவு செலவு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரி அலுவலகத்துக்குக் கணக்கு. செய்யாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவைக் காட்டுவேன். அங்கே வருடாந்திரப் படிவத்தைத் தொடர்ந்து மூன்று வருடம் தாக்கல் செய்யாவிட்டால் வரிவிலக்கு தானாகவே போய்விடும்.

அந்தச் சலிப்பான வேலையை ஐந்தரை வருடமாகச் செய்துகொண்டிருக்கும் செயலாளர் நான்தான். இரண்டாவது தவணை அடுத்த பொதுக்குழுவோடு முடிகிறது. போன வாரம் இளையவன் கூப்பிட்டான். அவன் இப்போது இளையவன் இல்லை, ஒரு பிள்ளைக்குத் தகப்பன். "அந்த ரெண்டு தடவை விதியைத் திருத்திரலாம்ணே. நாலுல மூணு பங்கு ஓட்டு வேணும், அவ்வளவுதானே? எல்லாரும் போடுவாங்க. நீங்க இல்லாம இது ஏது?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு முழு நாள் அந்த நினைப்போடுதான் சுற்றினேன். விதியில் என்ன சொற்களை மாற்ற வேண்டும் என்றுகூட மனதுக்குள் எழுதிப் பார்த்துவிட்டேன். மறுநாள் அக்காவிடம் சொன்னேன். அக்கா பதில் சொல்லவில்லை, "உங்களுக்கு இப்ப வயசு என்ன?" என்று மட்டும் கேட்டார்.

கடவுச்சொற்களை எல்லாம் ஒரு பட்டியலாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பதினான்கு வரி வந்திருக்கிறது. டொமைன் சங்கத்தின் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கணக்கை மீட்பதற்கான தொலைபேசி எண் என்னுடையது என்பதை நேற்றுத்தான் கவனித்தேன். பொதுக்குழு முடிந்ததும் புதுச் செயலாளரை அழைத்துக்கொண்டு நோட்டரியிடம் போகிறோம். அதற்குள் அதை மாற்ற வேண்டும்.